வெள்ளிக்கிழமை நகம்

மணலேரியை விட்டு வெளியே போக ஒரே ஒரு கேட்தான். அந்தக் கேட்டில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் விரலை நுழைத்தால் அது நகத்தைப் பார்த்து ஒரு எண் சொல்லும். நாற்பது வரைக்கும் கேட் திறக்கும். நாற்பத்தொன்று என்றால் திறக்காது. பெட்டியிடம் கெஞ்சலாம், அழலாம், மந்திரியின் மச்சான் பெயரைச் சொல்லிப் பார்க்கலாம். மணலேரிக்காரர்கள் எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டார்கள். மூன்று வருஷமாக ஆறாயிரம் பேர் உள்ளேயே இருக்கிறார்கள்.

அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்த டாக்டர் திலகவதி ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஊருக்குள் வந்தாள்.

உள்ளே வருகிறவர்களும் விரல் வைக்கவேண்டும் என்பது விதி. வைத்தாள். பெட்டி பூஜ்யம் காட்டியது.

“பூஜ்யம் வந்து நான் பாத்ததே இல்ல மேடம்,” என்றார் கேட் காவலர் சின்னாண்டி. ஜவ்வாது மலைக்காரர். வேலைக்கு வந்து எட்டு நாள்தான் ஆகிறது. நாற்பது வயசு இருக்கும்.

“உங்களுக்கு எவ்வளவு வருது?”

“எனக்கு நம்பரே வராது. ‘பிழை’ன்னு வரும். எட்டு நாளும் பிழைதான். மெஷின் ரிப்பேர்னு எழுதிப் போட்டிருக்காங்க. இவ்ளோ நாளா எம் பொண்டாட்டி மட்டுந்தான் என்னைப் பிழைன்னு சொல்லிக்கிட்டிருந்தா. இப்ப கவருமெண்டும் சொல்லுது.”

திலகவதி சிரித்துவிட்டு உள்ளே போனாள். சிரிப்பு கேட்டோடு நின்றுவிட்டது. தெருவில் இருந்தவர்கள் அவளைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டு அலுத்துப்போன பார்வை அது.

அவள் என்ன கெடுதலா நினைத்தாள்? இல்லை. நல்லதுதான் நினைத்தாள், வில்லங்கமே அங்கேதான். மணலேரியில் தோல் பதனிடும் ஆலைகள் பத்து வருஷமாக ஒரு புதிய குரோமிய உப்பை ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தன. சாதாரண வடிகட்டிக்கு அது அகப்படாது. ஆற்று நீரில் அளந்து காட்டினால், மழையில் வந்தது, மண்ணிலேயே இருந்தது என்று ஆலைக்காரர்கள் சாதித்தார்கள். மண்ணும் நீரும் பேசுவதைப் படிக்கிற படிப்புதான் திலகவதி படித்த வேதியியல். மனுஷன் குடித்த தண்ணீரின் கணக்கு அவன் நகத்தில் எழுதியிருக்கிறது என்று அவள் நிரூபித்தாள். வழக்கு ஜெயித்தது. ஆலைகளுக்குப் பூட்டுப் போட்டார்கள். அவள் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

அப்புறம்தான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அந்த உப்பு உடம்பை விட்டு வெளியேறினாலும் அழியாது என்று அவளுடைய கட்டுரையிலேயே ஒரு வரி இருந்தது. பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். மணலேரிக்காரன் எங்கள் ஊர்க் கக்கூஸுக்குப் போனால் எங்கள் கிணறு என்னாவது என்றார்கள். நீர்க்காப்பு ஆணையம் என்று ஒன்று வந்தது. மணலேரியைச் சுற்றி ஒரு கோடு வந்தது, கேட் வந்தது. ஆலை முதலாளிகள் வேறு மாநிலத்தில் வேறு ஆற்றங்கரையில் ஆலை திறந்தார்கள். ஊர்தான் உள்ளே மாட்டிக்கொண்டது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி.

பெட்டி மட்டும் வெளியே பரவியது. சென்னையில் ஆபீஸ் வாசலில், பெண்கள் விடுதியில், கல்யாண மண்டபத்தில் பன்னீர்ச் சொம்புக்குப் பக்கத்தில்கூட வைத்தார்கள். தப்பித்து வந்த மணலேரிக்காரன் யாராவது பந்தியில் உட்கார்ந்துவிட்டால்?

இன்றைக்கு அவள் வந்திருப்பது ஒரு கையெழுத்துக்காக. நகம் ஆறு மாதத்தில் முழுசாகப் புதுசாகிவிடும். மணலேரியின் கிணறுகளை மூடி மூன்று வருஷம் ஆகிறது. எண்கள் இறங்கியிருக்கவேண்டும், இறங்கவில்லை. ஜனங்கள் மூடிய கிணற்றைத் திருட்டுத்தனமாகத் திறந்து குடிக்கிறார்கள் என்று ஆணையம் அறிக்கை எழுதி வைத்திருந்தது. திலகவதி கையெழுத்துப் போட்டால் கோடு இன்னும் பத்து வருஷம் நீடிக்கும். எந்தக் கிணறு என்று தெரியாமல் போடமாட்டேன் என்று கிளம்பி வந்திருந்தாள்.

மூடிக்கிடந்த பள்ளிக்கூடத்தில் ஒரு அறையைக் கொடுத்திருந்தார்கள். கருவியை மேஜைமேல் வைத்து முதல் ஆளைக் கூப்பிட்டாள். அம்சவேணி, இருபத்தெட்டு வயசு, ஏழு மாதக் கர்ப்பிணி. எண் நாற்பத்து மூன்று.

“மூணுதான் மேடம் அதிகம்,” என்று உட்காருவதற்கு முன்னாலேயே ஆரம்பித்தாள் அம்சவேணி. “செங்கத்துல எங்கம்மா வூடு. மொதப் பிரசவம். இங்க பொறந்தா கொயந்தைக்கும் எந் நம்பர்தான் வருமாம், அதுவும் வெளிய போவ முடியாதாம். மூணு நம்பர நீங்க பாத்து எதுனா செய்ய முடியாதா?”

“முதல்ல உட்காரும்மா. கையை நீட்டு, நகம் கொஞ்சம் வெட்டிக்கறேன். வளர்ந்த நகத்துல ஒரு மாசக் கதையாவது இருக்கும். எந்த வாரம் எவ்வளவு குடிச்சேன்னு தனித்தனியா தெரியும்.”

நீட்டிய கையை அம்சவேணி முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“இன்னிக்கா? வெள்ளிக்கெயம மேடம்.”

“அதனாலே?”

“வெள்ளிக்கெயம நகம் வெட்டினா வூட்ல லட்சுமி தங்கமாட்டா. நான் மாசமா வேற கீறேன்.”

திலகவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எங்க லேப்லயும் இதேதான் சொன்னாங்க,” என்றாள்.

ஏழு வருஷத்துக்கு முந்தைய கதை அது. அளவு வைக்க உப்பே படாத சுத்தமான நகம் ஒன்று வேண்டும். மற்ற எல்லோரையும் அதோடு ஒப்பிட்டுத்தான் எண் சொல்லமுடியும். அதற்காகவே செய்கிற செயற்கை நகத்துக்கு ஆர்டர் போட்டிருந்தார்கள், வந்து சேரவில்லை. பெரிய கருவி அவர்களுக்குக் கிடைத்தது அன்று சாயங்காலம் மட்டும்தான். அன்றும் வெள்ளிக்கிழமை. ஆய்வகத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். நாலு பேர் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். ஒருத்தர்கூட நகம் தரவில்லை.

“ஒருத்தர் திங்கக்கிழமை தரேன்னார். இன்னொருத்தர் வீட்ல கேட்டுச் சொல்றேன்னார். கடைசியில என் நகத்தையே வெட்டி வெச்சேன்.”

“அப்பறம் அந்த இது வந்துச்சா, செயற்கை நகம்?”

“வந்துது. அதுக்குள்ள கட்டுரை அச்சாயிடுச்சு. எல்லாப் பெட்டிக்கும் அதே அளவுதான் போச்சு. யாரும் மாத்தலை.”

அம்சவேணி அவளையே உற்றுப் பார்த்தாள். “அப்ப அந்தப் பூஜ்யம் நீங்களா?”

“நான்தான்.”

“ஒங்களவிட நாப்பத்திமூணு அதிகம் நானு.”

“ஆமாம்.”

“நீங்க இன்னா தண்ணி மேடம் குடிச்சீங்க?”

“கேன் தண்ணி. சென்னையில எல்லாரும் அதான் குடிக்கிறோம்.”

“நாங்களும் அதான் குடிக்கறோம்! கெணத்துக்கெல்லாம் கான்கிரீட் ஊத்தி மூடிட்டாங்க, எட்டிக்கூடப் பாக்க முடியாது. திருடிக் குடிக்கறோம்னு எங்களச் சொல்றாங்களே, எத ஒடைச்சு எதுல மொள்றது? வவுத்துல இருக்கறது மேல ஆணையா சொல்றேன், கேன் தண்ணியத் தவிர நான் வேற எதையும் தொடல.” மூச்சு வாங்கியது அவளுக்கு. பிறகு முந்தானையிலிருந்து கையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “நம்பலன்னா வெட்டிக்கோங்க. லட்சுமி இந்த ஊர வுட்டுப் போயி மூணு வருசமாச்சு.”

திலகவதி வெட்டினாள். கருவி நாற்பது நிமிஷம் ஓடியது. அம்சவேணி போகவில்லை. பள்ளிக்கூட பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

திரையில் வந்த கோட்டைப் பார்த்ததும் திலகவதிக்கு முதலில் கருவிமேல் சந்தேகம் வந்தது. திருடிக் குடிக்கிறவன் தினமும் குடிக்க முடியாது. காவல் இல்லாத நாளில் குடிப்பான், மற்ற நாளில் இருக்காது. கோடு ஏறி இறங்கவேண்டும். இது ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக இருந்தது. மறுபடி ஓட்டினாள், மறுபடியும் அதே கோடு.

“என்ன மேடம்?”

“நீ சொன்னது நிஜம். தினமும் ஒரே தண்ணிதான் குடிக்கிறே. ஆனா அதுலதான் உப்பு இருக்கு.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அறையின் மூலையைப் பார்த்தார்கள். நீல மூடி போட்ட இருபது லிட்டர் கேன் ஒன்று ஸ்டாண்டில் கவிழ்ந்திருந்தது. ஆணையம் இலவசமாக அனுப்புகிற தண்ணீர்.

“இந்த கேன் எங்கேர்ந்து வருது?”

“எங்கூட்டுக்காரர் வேல செய்யற பிளாண்ட்லேர்ந்துதான். அவரு பேரு எட்டியப்பன். தோ, ஆத்தோட போனா பன்னெண்டு கிலோமீட்டர் கீய. கோட்டுக்கு வெளிய. கோடு போட்ட அன்னிக்கு வேலைக்குப் போயிருந்தாரு, அப்டியே வெளிய நின்னுட்டாரு. மாசத்துக்கு ரெண்டு நாள் இங்க வர வுடுவாங்க. அவரு நம்பர் முப்பத்தெட்டு.”

“ஆத்தங்கரை போர்லேர்ந்து எடுக்கிறாங்களா?”

“வேற எங்கேர்ந்து எடுப்பாங்க? எங்களுக்கு ஒரு லாரின்னா மெட்ராசுக்கு நாப்பது லாரி போவுது. அங்க ஏரித் தண்ணியும் கலந்து ரொப்புவாங்களாம். எங்களுக்கு அப்டியேதான்.”

திலகவதி தன் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். காலையில் வீட்டில் நிரப்பியது. அவள் வீட்டு கேனுக்கும் நீல மூடிதான். பத்து வருஷமாக நீல மூடிதான். ஆலைக் கழிவு மணலேரியோடு நின்றுவிட்டது என்று அவளுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. சென்னைக்காரர்கள் பெட்டியில் விரல் வைத்தால் பூஜ்யம், ஒன்று, மூன்று என்று வந்தது. அதனால் அந்தத் தண்ணீரைச் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும்தான் தோன்றவில்லை. அவளோடு ஒப்பிட்டால் எல்லோரும் அவளைப் போலவே இருந்தார்கள். இதில் என்ன அதிசயம்?

சட்டென்று சின்னாண்டியின் நினைவு வந்தது. எண் பூஜ்யத்துக்குக் கீழே போனால் ‘பிழை’ என்று காட்டு என்று பெட்டிக்குக் கட்டளை எழுதியவளே அவள்தான். உடம்பில் நஞ்சு பூஜ்யத்துக்குக் கீழே எப்படி இருக்கமுடியும்? அப்படித்தான் அன்றைக்கு நினைத்தாள்.

சின்னாண்டியைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவருக்கு நகம் வெட்ட நாள் கிழமை எதுவும் இல்லை. “எங்க மலையில தண்ணி பாறையிலேர்ந்து வருதுங்க. எனக்கு இந்த கேன் தண்ணி எறங்காது. தெனமும் பஸ்ல வரப்ப அஞ்சு லிட்டர் கேன்ல எடுத்தாந்துருவேன்,” என்றார்.

கட்டளையை நீக்கிவிட்டுக் கருவியை ஓட்டினாள். கழித்தல் ஐம்பத்தொன்று வந்தது.

அப்படியானால் உண்மையான பூஜ்யம் சின்னாண்டி. திலகவதி ஐம்பத்தொன்று. பெட்டி நியாயமாகப் பேசினால் அவளே வெளியே போகமுடியாது. அவள் மட்டுமா, நீல மூடி குடிக்கிற சென்னை மொத்தமும் நாற்பதைத் தாண்டியிருக்கிறது. அம்சவேணி நாற்பத்து மூன்று அல்ல. தொண்ணூற்று நாலு.

அம்சவேணியிடம் இதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வராந்தாவுக்குப் போய் ஆணையத்தின் இயக்குநர் ஞானசிகாமணிக்குப் போன் போட்டாள். அவளுக்கு ஆராய்ச்சி வழிகாட்டியாக இருந்தவர். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் ஆச்சரியமே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

“சார், உங்களுக்குத் தெரியுமா?”

“மூணு வருஷமா தெரியும் திலகா. பிழை பிழைன்னு வந்தவங்க நாலு பேரைக் கூப்பிட்டுப் பார்த்தோம். எல்லாம் மலைக்காரங்க.”

“அப்போ நாற்பதுங்கிற வரம்பை எதை வெச்சுப் போட்டீங்க? டாக்டர்களைக் கேட்டா?”

“எங்கே கோடு போட்டா உள்ளே கம்மியா ஆள் இருப்பாங்களோ அங்கே போட்டோம். ஆறாயிரம் பேரை அடைக்கலாம். ஒரு கோடி பேரை எந்தக் கேட்டுக்குள்ளே அடைப்பே?”

“அடைக்க வேணாம் சார். தண்ணியை மாத்துங்க!”

“எந்தத் தண்ணிக்கு? சொல்லு, உடனே மாத்தறேன்.” குரல் இறங்கியது. “கையெழுத்தைப் போட்டுட்டுக் கிளம்பு. கார் கேட்ல நிக்குது.”

திலகவதி போனை வைத்தாள். அவளுக்கு வந்தது வெறும் கோபம் அல்ல, வெட்கம். ஆறாயிரம் பேரைத் தன் நகத்தை வைத்து அளந்திருக்கிறாள். தன் அழுக்கைச் சுத்தம் என்று வைத்து மற்றவர்களை அழுக்கு என்று சொல்லியிருக்கிறாள். இந்த நாட்டுக்கு இதை வேறு விதமாகச் செய்து பழக்கம் உண்டு, தனி டம்ளர், தனிக் கிணறு என்று. அவள் அதற்கு ஒரு மெஷின் செய்து கொடுத்துவிட்டாள்.

எல்லாப் பெட்டிக்கும் பொதுவான அந்தப் பூஜ்யத்தை மாற்றும் கடவுச்சொல் இன்னும் அவளிடம்தான் இருந்தது. யாரும் அதை ஒரு பொருட்டாக நினைத்து அவளிடமிருந்து வாங்கவில்லை. உண்மை தெரிந்தால் என்ன நடக்கும்? ஒரு கோடி பேரைச் சிறை வைக்க முடியாது. அப்படியென்றால் கோட்டைத்தான் அழிக்கவேண்டும். வேறு வழியில்லை என்று திடமாக நம்பினாள். அம்சவேணியை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பிற்பகல் மூன்று இருபதுக்குத் தன் நகத்தை எடுத்துவிட்டுச் சின்னாண்டியின் நகத்தைப் பூஜ்யமாக வைத்தாள்.

அம்சவேணியையும் கூட்டிக்கொண்டு கேட்டுக்கு நடந்து போய் விரலை வைத்தாள். ஐம்பத்தொன்று. சிவப்பு விளக்கு எரிந்தது. கேட் அசையவில்லை. தான் செய்த பெட்டி தன்னைத் தடுக்கிறதைப் பார்த்து அவளுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. அம்சவேணியிடம் அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

“தொண்ணூத்தி நாலா?” என்றாள் அம்சவேணி. வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நிழலில் போய் உட்கார்ந்தாள்.

நாலு மணிக்குப் போன் வந்தது. இயக்குநர்தான். பின்னால் ஒரே கூச்சல்.

“என்ன பண்ணே திலகா? ஆபீஸ் கதவு திறக்கலை. எனக்கு ஐம்பத்து மூணு காட்டுது. ஊர் பூரா வாசல்ல ஜனங்க நிக்கறாங்க. விடுதியில பொண்ணுங்க தெருவுல நிக்குது. ஒரு கல்யாணத்துல மாப்பிள்ளையே உள்ளே போகமுடியலை.”

“இப்போ தெரியட்டும் சார். எல்லாருக்கும் அவங்கவங்க நம்பர் தெரியட்டும்.”

“தெரிஞ்சுது. அமைச்சர் பேசிட்டார்.” இருமினார். “பூஜ்யத்தை உன் அனுமதி இல்லாம மாத்தமுடியாது. வரம்பை மாத்த நான் போதும். வரம்பு இனிமே அறுபது. இன்னும் அஞ்சு நிமிஷத்துல எல்லாக் கதவும் திறந்துடும். நீயும் வந்துடலாம்.”

“சார், மணலேரியில எல்லாருக்கும் தொண்ணூறுக்கு மேலே இருக்கே!”

“தெரியும்,” என்றார் ஞானசிகாமணி. “அதனாலதான் அறுபது.”

போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஏழு வருஷப் படிப்பு, ஏழு வருஷ உழைப்பு, ஒரு நாள் தைரியம். எல்லாம் சேர்ந்து ஒரு எண்ணை அழித்து இன்னொரு எண்ணை எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். அவளுக்கு ஓவென்று அழவேண்டும் போலிருந்தது.

நிழலில் அம்சவேணியின் போன் அடித்தது. எடுத்துக் கேட்டாள். “ம்” என்றாள். “சாப்ட்டியா?” என்றாள். பிறகு நிறைய நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். வைத்துவிட்டுத் திலகவதியிடம் வந்தாள்.

“எங்கூட்டுக்காரரு. பிளாண்ட் கேட்ல விரல் வெச்சாராம், எம்பத்தொம்பது வந்துச்சாம். முப்பத்தெட்டா இருந்தவரு. புது வரம்பு அறுபதாமே? பிளாண்ட்ல அத்தினி பேரையும் வேன்ல ஏத்திட்டாங்களாம். இங்கதான் கொண்டாராங்களாம்.”

திலகவதியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குற்றவாளிக்கூண்டில் ஏறினால்கூட இவ்வளவு கூசியிருக்காது. வெளியே இருந்த ஒருத்தனையும் உள்ளே இழுத்துப் போட்டாயிற்று.

பரபரவென்று பெட்டிக்குப் போய் விரலை வைத்தாள். ஐம்பத்தொன்று. பச்சை விளக்கு எரிந்தது. கேட் திறந்தது.

“போ அம்சவேணி,” என்றாள். “அரை நிமிஷம் திறந்திருக்கும். நான் இங்க நிக்கறேன். அந்தக் கார்ல ஏறிக்கோ, செங்கத்துல விடச் சொல்லு. போம்மா!”

சின்னாண்டி வேறு பக்கம் திரும்பி ரொம்ப அக்கறையாக ஒரு புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்சவேணி கேட்வரை வந்தாள். ஒரு அடி எடுத்து வைத்தால் வெளியே. மூன்று வருஷமாக அந்த ஒரு அடிக்காகத்தான் கேட்டாள், அழுதாள், விரதம் இருந்தாள். எதிரே தார் ரோடும், காரும், ஒரு டீக்கடையும் தெரிந்தன. டீக்கடை வாசலில் நீல மூடி கேன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“செங்கத்துல எங்கம்மாவும் இந்த கேன்தான் மேடம் வாங்குது,” என்றாள். “அங்க போயி நான் எந்தத் தண்ணியக் குடிக்கறது?”

திலகவதி வாயைத் திறந்தாள். தண்ணீரைப் பற்றி இந்த நாட்டில் அவளைவிட அதிகம் படித்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். சொல்வதற்கு ஒரு ஊர்ப் பெயர்கூட அவளிடம் இல்லை.

அரை நிமிஷம் ஆகிவிட்டது. கேட் மூடிக்கொண்டது. இரண்டு பேரும் உள்ளேதான் நின்றார்கள்.

“அவரு வந்துருவாரு மேடம். காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்டலயாம்,” என்று சொல்லி அம்சவேணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “ஒல வெக்கணும்.”

திரும்பி ஊருக்குள் நடந்தாள். உலைக்கு ஊற்ற அந்தத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் ஊரில் இல்லை.